72 மீட்டரும் 8 மீட்டரும்



2005 ஏப்ரல் 25-ந் தேதி காலை ஜப்பானில் ஒரு மின்சார ரயில், இத்தாமி நிலையத்தில் நிற்கவேண்டிய இடத்தைத் தாண்டி 72 மீட்டர் ஓடிவிட்டது. தண்டனைக்கு அஞ்சிய ஓட்டுநர், குறைத்துச் சொல்லும்படி கார்டை வேண்டினார். கார்டும் 8 மீட்டர் என்றே அறிவித்தார். விசாரணையாளர் கருத்துப்படி, ஓட்டுநரின் கவனமெல்லாம் அந்தப் பேச்சிலேயே இருந்தது. 70 கிலோமீட்டர் வேகமே தகுந்த வளைவில் ரயில் 116 கிலோமீட்டர் வேகத்தில் புகுந்து கவிழ்ந்தது. மாண்டவர் 107 பேர். ஓட்டுநரும் அவர்களில் ஒருவர்.

அவரைத் தீர்ப்பிட நாம் யார்? பாவசங்கீர்த்தனத்தில் நாமும் 72-ஐ 8 ஆக்குகிறோமே! அங்கே காத்திருப்பது தண்டனையன்று, மன்னிப்பு.

பெற்றோரே, உங்கள் பிள்ளை பயமின்றி 72 என்று சொல்லக்கூடிய வீடாக உங்கள் வீடு விளங்கட்டும். சர்வேசுரன் உங்களை ஆசீர்வதிப்பாராக.