தலை நிமிர்ந்து சொல்!

நேர்முகத் தேர்வு அறையில் உன் நாக்கைக் கட்டிப்போடுவது எது, தம்பி? கேள்விக்கு விடை உனக்குத் தெரியும், தங்கையே, உனக்கும் தெரியும். ஆனாலும் ஓர் ஆங்கிலச் சொல் குறுக்கே வந்தால் குரல் இறங்கிவிடுகிறது. இன்று அப்படி ஒரு சொல்லைப் பிடித்து உலுக்கிப் பார்ப்போம்: சைஸபிள்.

செருப்புக் கடையில் சைஸ் கேட்கிறாய், சட்டைக்குச் சைஸ் சொல்கிறாய். அந்தச் சைஸோடு ஒரு வால் சேர்ந்தால் சைஸபிள். நாம் ‘கணிசமான’ என்கிறோமே, அதுதான். கணிசமான தொகை, கணிசமான கூட்டம், கணிசமான பங்கு, எல்லாவற்றுக்கும் பொருந்தும். பிரம்மாண்டம் என்று பொருள் இல்லை. ஒதுக்கிவிட முடியாத அளவு என்று பொருள். மூத்த அண்ணனை மட்டும் சைஸபிள் பிரதர் என்று சொல்லிவிடாதே. அவர் பிக் பிரதர். ‘கணிசமான அண்ணன்’ என்று யாராவது சொன்னால் உன் காது உடனே மறுக்கிறதல்லவா? அந்தக் காதை நம்பு. மொழியறிவு என்பது அதுதான், அது உன்னிடம் ஏற்கெனவே இருக்கிறது.

எழுத்துப்பிழை வருமோ என்ற பயமா? இசட்டுக்கு அடுத்து ஈ போட்டு எழுதுவது பிரிட்டிஷ் வழக்கம். அந்த ஈ இல்லாமல் எழுதுவது அமெரிக்க வழக்கம். இரண்டும் சரி!

சைஸ் வந்த கதையையும் கேள். இங்கிலாந்தில் 13ஆம் நூற்றாண்டில் ரொட்டிக்கும் பீருக்கும் ஒரு சட்டம் இருந்தது. ரொட்டியின் விலை மாறாது. கோதுமை விலை ஏறினால் ரொட்டியின் எடை குறையும். இப்படி அளவை நிர்ணயிக்கும் ஆணைக்கு அசைஸ் என்று பெயர். அது வாயில் புழங்கிப் புழங்கி முன்னெழுத்து உதிர்ந்து சைஸ் ஆனது. சந்தையில் நின்ற சாதாரண மனிதர்களின் நாக்கில் தேய்ந்து பிறந்த சொல்லுக்கு முன்னால் நீ கூனிக் குறுகி நிற்பதா?

ஆங்கிலத்தின் மாபெரும் அகராதியான ஆக்ஸ்ஃபோர்டு அகராதியை எடுத்துக்கொள். 1879இல் அதன் ஆசிரியரான ஜேம்ஸ் மர்ரே, ஸ்காட்லாந்துக் கிராமம் ஒன்றில் தையற்காரரின் மகன். 14 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவர். லண்டனில் வங்கி குமாஸ்தாவாக இருந்திருக்கிறார். அவரோடு உழைத்த ஹென்றி பிராட்லி, ஷெஃபீல்டு நகரில் கத்தி, கரண்டி செய்யும் நிறுவனம் ஒன்றில் ஏறத்தாழ 20 ஆண்டுகள் குமாஸ்தா வேலை பார்த்தவர். கல்லூரிப் படிப்பு இல்லாதவர். இவர்கள்தான் ஆங்கிலேயருக்கே ஆங்கிலச் சொற்களின் பொருளை எழுதிக் கொடுத்தார்கள்! தோட்டத்தில் தகரக் கொட்டகை போட்டு உட்கார்ந்தார் மர்ரே. எங்கெங்கிருந்தோ தன்னார்வலர்கள் துண்டுச் சீட்டுகளில் வாக்கியங்களை எழுதி அனுப்பினார்கள். சொல், அது வந்த நூல், ஆண்டு, வாக்கியம், அவ்வளவுதான் ஒரு சீட்டு. மக்கள் ஒரு சொல்லை எப்படிப் பயன்படுத்தினார்களோ அதிலிருந்தே அதன் பொருளை எடுத்தார்கள். 1884இல் முதல் பகுதி வந்தது. 1915இல் மர்ரே இறந்தார், வேலை முடியவில்லை. 1928இல்தான் முடிந்தது. முடிவைக் காணாமலே போன அந்த மனிதர் அந்த வேலையைக் கைவிடவே இல்லை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ரத்தம் சூடேறுகிறது.

தையற்காரரின் மகனுக்கு முடிந்தது உனக்கு முடியாதா? உன் அம்மா பூக்கட்டிப் படிக்கவைத்திருக்கலாம், நீ தமிழ்வழியில் படித்திருக்கலாம். அதனால் எந்தச் சொல்லும் உனக்குக் கதவடைக்கவில்லை. பேசுகிறவனுக்கே மொழி சொந்தம். நீ பேசு!

இன்றைக்கே ஒரு துண்டுச் சீட்டு எடு. மேலே சைஸபிள் என்று எழுது. கீழே உன் வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம் எழுது. வீட்டுச் செலவில் கணிசமான பங்கு வாடகைக்குப் போகிறதா, அதை எழுது. ஊர்க்கூட்டத்துக்குக் கணிசமான ஆட்கள் வந்தார்களா, அதை எழுது. அறை அதிரப் படி. தப்பு வந்தால் திருத்தி, இன்னும் சத்தமாகப் படி. நாளைக்கு இன்னொரு சொல், இன்னொரு சீட்டு. அடுத்த நேர்முகத் தேர்வுக்கு அந்தச் சீட்டுக் கட்டோடு போ. முதல் கேள்விக்கே அதிலிருந்து ஒரு சொல்லை எடுத்து, அவர்கள் கண்ணைப் பார்த்துச் சொல்!