கண்ணியும் கணக்கும்

தமிழில் ‘நூல்’ என்னும் சொல் ஆடைக்குரிய இழையையும் குறிக்கும். அறிவுக்குரிய ஏட்டையும் குறிக்கும். ‘பனுவல்’ என்பதும் அத்தகைய சொல்லே. ஓரிடத்தில் பஞ்சைச் சுட்டும். மற்றோரிடத்தில் பாட்டைச் சுட்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், நூல் செய்யும் புலவனை நூல் நூற்கும் பெண்ணுக்கு ஒப்பிட்டார். சொல்லைப் பஞ்சாகவும், புலவனின் வாயை அவளுடைய கையாகவும், அவன் மதியை அவளுடைய கதிராகவும் அவர் உருவகித்தார். சங்கப் பாடல்களிலும் ‘பருத்திப் பெண்டு’ இடம்பெறுகிறாள். நம் முன்னோர் கைவேலையைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடவில்லை. புலமைக்கே அதை உவமையாக்கினர்.

நட்புக்கு வள்ளுவர் தந்த புகழ்பெற்ற உவமையிலும் கையும் ஆடையுமே வருகின்றன. உடுத்த ஆடை நெகிழும்போது, ஏவுவார் எவருமின்றித் தானே விரைந்து அதைப் பற்றும் கையை அவர் நட்புக்கு எடுத்துக்காட்டினார். அந்தக் கை கூலி கேட்பதில்லை, செய்ததைச் சொல்லிக்காட்டுவதுமில்லை.

இங்கேதான் ஒரு வினா எழுகின்றது. ஒருவர் கை மற்றவருக்காக உழைக்கும்போது அங்கே கணக்கு இருக்கலாமா? கணக்குப் பார்த்தால் நட்புக் கெடும் என்பர் பலர். அப்படியானால் கணக்குப் பாராமை எப்போதும் நட்பைக் காக்குமா? கூடை பின்னவும் ஸ்வெட்டர் பின்னவும் கூடும் ஒரு சிறு பெண்கள் குழுவிலும் இந்த வினா எழுந்தே தீரும். ஆகவே அதனை அங்கேயே வைத்து ஆராய்வது பொருத்தமாகும்.

அயலூரில் அரும்பும் நட்பு

சொந்த ஊரில் நமக்கு அமையும் உறவுகளுள் பெரும்பாலானவை பிறப்போடு வந்தவை. தெருவும் கோயிலும் பங்காளி முறையும் அவற்றை நமக்குத் தேடித் தந்துவிடும். பணிமாற்றத்தாலோ பிழைப்பைக் கருதியோ புனேக்கு வந்த குடும்பத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை. கட்கியிலோ ராஸ்தா பேட்டையிலோ அடுத்த வீட்டில் இருப்பவர் மராத்தியராக இருக்கலாம், ஆந்திரராக இருக்கலாம், தமிழரே ஆயினும் நாம் மிதித்திராத மாவட்டத்தவராக இருக்கலாம். இங்கே நட்பு என்பது தானாகக் கிடைக்கும் சொத்தன்று; நாமே செய்துகொள்ள வேண்டிய பொருள்.

அவ்வாறு செய்துகொண்ட நட்புகளுள் கைவேலையில் பிறந்தவை தனிச் சிறப்புடையவை. பிற்பகலில், சமையல் முடிந்து, பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்புமுன், நான்கைந்து பெண்கள் ஒரு வீட்டுக் கூடத்தில் அமர்கிறார்கள். தமிழ்ப் பெண் ஊரிலிருந்து கொண்டுவந்தது வயர் கூடை பின்னும் திறமை. நெல்லிக்காய் முடிச்சும் சிவன் கண்ணும் அவள் விரல்களுக்கு மனப்பாடம். கம்பளி நூலும் பின்னலூசியும் நம்மவரிற் பலருக்கு இங்கு வந்த பின்னரே பழக்கமாயின. மார்கழி, தை மாதங்களில் குளிர் 10 டிகிரி வரை, சில நாள் அதற்கும் கீழே, இறங்கும் ஊரில் ஸ்வெட்டர் ஆடம்பரமாகாது. மராத்திப் பெண்ணோ பழைய புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நெருக்கமாக நூலோட்டித் தைக்கும் ‘கோதடி’யைக் கற்றுத் தருகிறாள். சங்கராந்தி வந்தால், எள்ளின்மேல் சர்க்கரைப் பாகு ஏற்றி உருட்டிய சிறுமணிகளை நூலில் கோத்து, புதுமணப் பெண்ணுக்கும் முதற்சங்கராந்தி காணும் குழந்தைக்கும் நகைகள் செய்கிறாள். ‘ஹல்வ்யாச்சே தாகினே’ என்பது அவற்றின் பெயர். பொன் இல்லாத வீட்டுக் குழந்தையும் அன்று கழுத்து நிறைய மாலையோடு விளங்கும்.

இந்த உறவுகள் பயன் கருதித் தொடங்கியவை என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஒருத்திக்கு ஒரு முடிச்சு தெரிய வேண்டியிருந்தது. மற்றவளுக்கு வயர் மலிவாகக் கிடைக்கும் கடை தெரிய வேண்டியிருந்தது. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் நட்பை மூவகையாகப் பிரித்தார்: பயன் பற்றியது, இன்பம் பற்றியது, நற்பண்பு பற்றியது. முதலிரண்டும் அவற்றின் காரணம் நீங்கியதும் நீங்கிவிடும் என்றார். பெறுவதை எடைபோடும் நட்பை வள்ளுவரும் கடிந்தார். அவ்வாறாயின், முடிச்சைக் கற்றுக்கொண்ட மறுநாளே இந்தப் பெண்கள் பிரிந்திருக்க வேண்டும். அவர்கள் பிரியவில்லை. ஆண்டுகள் பல கடந்தும் கூடுகிறார்கள். பயனில் தொடங்கியது பண்பாக மாறியது எவ்வாறு?

பிரித்துப் பின்னுதல்

கைவேலை பழகியோர் ஒன்றை அறிவர். ஸ்வெட்டரின் முதுகுப்புறம் முக்கால் பங்கு வளர்ந்தபின், இருபது வரிசைக்குக் கீழே ஒரு கண்ணி நழுவியிருப்பது தெரியவரும். பின்னியவள் கண்ணுக்கு அது படுவதில்லை. பக்கத்தில் இருப்பவள் கண்ணுக்கே படும். “பிரித்துவிடு” என்று அவள் சொல்ல வேண்டும். கேட்பவள் மூன்று நாள் உழைப்பை நூலாக இழுத்து மீண்டும் உருண்டையாகச் சுற்ற வேண்டும். சொல்பவளுக்கும் எளிதன்று, கேட்பவளுக்கும் எளிதன்று. ஆயினும் அங்கே பகை மூளுவதில்லை. குறை பின்னலில் இருக்கிறதே தவிர, பின்னியவளின் குலத்திலோ குணத்திலோ இல்லை என்பது இருவருக்கும் தெரியும். நடுவே ஒரு பொருள் இருப்பதால், நேருக்கு நேர் சொன்னால் சுடக்கூடிய உண்மையையும் அங்கே தாங்கும் சூட்டில் சொல்ல முடிகின்றது. சிரித்து மகிழ்வதற்கு மட்டுமல்ல, தவறும்போது இடித்துரைப்பதற்கும் உரியது நட்பு என்பது நம் குறளறம் அன்றோ?

ஆண்டுதோறும் ஆளந்தியிலிருந்தும் தேஹுவிலிருந்தும் புறப்பட்டுப் புனே வழியே பண்டரிபுரம் செல்லும் பல்லக்கு ஊர்வலங்களை நாம் வாசலில் நின்று காண்கிறோம். அந்த அடியார் மரபில் நாமதேவர் தையற்காரர் குலத்தவர், கோரா குயவர், சாவதா தோட்டக்காரர், நரஹரி பொற்கொல்லர். தொழிலைத் துறக்காமலே தோழமை பூண்டவர்கள் அவர்கள். அடியார்கள் கூடியிருந்தபோது, சுட்ட பானை எது, சுடாத பானை எது என்று தட்டிப் பார்ப்பதுபோல் கோரா ஒவ்வொருவர் தலையையும் தட்டினார் என்றும், நாமதேவரை ‘இன்னும் வேகாத பானை’ என்று கூறினார் என்றும் ஒரு கதை வழங்குகின்றது. நாமதேவர் முதலில் மனம் வருந்தினார். பின்னர் விசோபா கேசரைக் குருவாக நாடித் தெளிவு பெற்றார். குயவர் தம் தொழிலின் மொழியிலேயே நண்பரின் குறையைச் சொன்னார். அதனாலேயே அச்சொல் பொய்யாகவும் இல்லை, வசையாகவும் இல்லை.

நமக்குள் என்ன கணக்கு?

குறை சொல்லக்கூடிய நட்புக்கும் ஒரு சோதனை உண்டு. அது பணம் பற்றியது. எங்கள் குடியிருப்பில் நிகழ்ந்த ஒன்றை இங்கே கூறலாம். வசதியுள்ள ஓர் அம்மையார், நவராத்திரிக்கு வரும் பெண்களுக்குத் தாம்பூலத்தோடு கொடுக்க ஐம்பது சிறு கூடைகள் வேண்டும் என்று குழுவினரிடம் கேட்டார். வயருக்கான பணம் தாம் தருவதாகச் சொன்னார். பின்னுகூலி பற்றிப் பேச்செழுந்தபோது, “நமக்குள் என்ன கணக்கு?” என்றார். அனைவரும் சிரித்துத் தலையசைத்தனர். ஒருத்தி மட்டும் வயரை அளந்துகொண்டே இருந்தாள், ஒன்றும் சொல்லவில்லை. கணவருக்கு வேலை போய் எட்டு மாதமாகியிருந்தது. மற்றவர்களுக்குப் பொழுதைப் போக்கிய கூடை, அவள் வீட்டில் பிள்ளையின் பள்ளிக் கட்டணமாக இருந்தது. முடியாது என்றால் நட்புக் குறையும். முடியும் என்றால் அந்த மாத வருவாய் குறையும்.

குழுவில் மூத்தவரை எல்லாரும் மாமி என்றே அழைப்பர். அவர் கைவேலையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “எனக்குக் கூலி வேண்டாம். என் பிள்ளைகள் சம்பாதிக்கிறார்கள். அதற்காக அவளுக்கும் வேண்டாம் என்று நான் எப்படிச் சொல்வது?” பின்னர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எல்லார் பெயரும் எழுதப்பட்டது. ஒரு கூடைக்கு இவ்வளவு என்று எல்லாருக்கும் ஒரே கூலி குறிக்கப்பட்டது. வேண்டாதவர் தம் பங்கைப் பொதுவில் வைத்துக் குளிர்காலத்துக்குக் கம்பளி நூல் வாங்கிக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. எவர் வாங்கினார், எவர் வாங்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை. கேட்ட அம்மையாரும் முகம் சுளிக்காமல் கொடுத்தார்.

இந்த ஏற்பாட்டின் நயம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஏழை ஒருத்திக்கு மட்டும் கூலி கொடுத்திருந்தால் அது உதவியாகியிருக்கும். அவள் தோழியாக இருந்த இடத்தில் இரவலராகியிருப்பாள். எல்லாருக்கும் கூலி என்று வைத்ததனால் அவள் பெற்றது உரிமையாயிற்று. மற்றவர் விட்டுக்கொடுத்ததும் அவரவர் விருப்பமாயிற்று.

அலுவலகத்தில் கோப்புகளோடு வாழும் எம்போன்றோர் இதில் கற்க வேண்டியது மிகுதி. பஞ்சப்படியில் ஒரு தவணை தள்ளிப்போனால் சங்கம் கூட்டுகிறோம்; ஊதிய நிர்ணயத்தில் ஒரு ரூபாய் பிசகினாலும் மனு எழுதுகிறோம். அதைத் தவறென்று எவரும் சொல்வதில்லை. ஆனால் இரவு விளக்கில் கண்ணைச் சுருக்கிப் பின்னிய பெண் கூலி கேட்டால், ‘சும்மா இருக்கும் நேரத்தில் செய்ததுதானே’ என்கிறோம். உழைப்பு வீட்டுக் கூடத்தில் நடந்தால் அது உழைப்பாகாதா?

விலை தந்த விடுதலை

இந்த வினாவுக்கு வரலாறு இருவகைச் சான்று தருகின்றது. இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நாகர்கோவில் அன்று திருவிதாங்கூர் அரசில் இருந்தது. அங்கே லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட், 1820களில் தம் பள்ளிச் சிறுமியருக்கு லேஸ் பின்னக் கற்றுத் தந்தார். அச்சிறுமியருள் அடிமைக் குடியிற் பிறந்தோரும் இருந்தனர். லேஸ் விற்ற பணத்தைச் சேர்த்துத் தம் விடுதலையை விலைகொடுத்து வாங்கினர் சிலர். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855ஆம் ஆண்டில்தான். சட்டம் வருமுன்னரே ஊசியும் நூலும் சிலருக்கு அவ்வாயிலைத் திறந்துவிட்டன. அந்த லேஸுக்கு விலை வைப்பது இழிவு என்று யாரேனும் சொல்லியிருந்தால், அச்சிறுமியரின் கதி என்னவாகியிருக்கும்?

மற்றொரு சான்று ஆந்திரத்து நரசாப்பூரிலிருந்து வருகின்றது. அங்குள்ள பெண்கள் வீட்டிலிருந்தபடியே குரோஷா ஊசியால் பின்னும் லேஸ் கடல் கடந்து விற்பனையாகின்றது. ஜெர்மானியச் சமூகவியல் அறிஞர் மரியா மீஸ் அவர்களைப் பற்றி ஆராய்ந்து 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். வீட்டு வேலைக்கு மேலாக நாள்தோறும் பல மணி நேரம் பின்னிய அப்பெண்கள் ‘இல்லத்தரசிகள்’ என்றும், அவர்கள் வேலை ‘ஓய்வுநேர வேலை’ என்றும் கருதப்பட்டமையால், கூலி மிகக் குறைவாகவே கிடைத்தது என்பதை அந்நூல் எடுத்துக்காட்டியது. ‘ஓய்வு’ என்ற ஒரு சொல் உழைப்பை மறைக்கும் திரையாயிற்று. ‘நட்பு’ என்ற சொல்லும் கவனமின்றிக் கையாண்டால் அதே திரையாகிவிடும்.

புனே இதற்கு நெடுநாளுக்கு முன்பே ஒரு வழி கண்டது. மகாதேவ கோவிந்த ரானடேயின் துணைவியார் ரமாபாய் ரானடே, 1909இல் இங்கே சேவா சதனத்தை நிறுவினார். கைம்பெண்களும் ஆதரவற்ற பெண்களும் அங்கே தையலும் பிற தொழில்களும் பயின்றனர். தன் காலில் நிற்கும் ஒருத்திதான் பிறரோடு சமமாக அமர முடியும்; சமமாக அமர்ந்தவரிடையேதான் நட்பு வளரும். அவ்வகையில் அந்தத் தையல் வகுப்பை நட்பின் பள்ளி எனவும் கூறலாம்.

கொடையின் இடம்

இதனால், கைவேலையை விற்பனைப் பொருளாக மட்டும் காண வேண்டும் என்பது என் கருத்தன்று. 2016 ஜனவரி 31 அன்று சென்னையில், ‘மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்’ என்ற பெண்கள் குழு, குரோஷா பின்னற் போர்வையொன்றை விரித்து உலக சாதனை படைத்தது. சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய குழு அது. போர்வையின் பரப்பு 11,148.5 சதுர மீட்டர். ஒருவரையொருவர் முன்பின் கண்டிராத பெண்கள், தத்தம் வீட்டில் பின்னிய துண்டுகளை இணைத்து அதை உருவாக்கினர். பின்னர் அந்தப் பெரும் போர்வை பிரிக்கப்பட்டு, இல்லாதோர்க்குப் போர்வைகளாக வழங்கப்பட்டது. அங்கே யாரும் கூலி கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை. கொடுத்தவர் தம் விருப்பத்தால் கொடுத்தனர். பெற்றவர் குளிரில் இருந்தோர்.

நரசாப்பூரிலும் கூலி போதவில்லை; சென்னையில் கூலியே இல்லை. எனினும் முன்னது அநீதி, பின்னது அறம். இரண்டையும் பிரிப்பது எது? கணக்கைக் கைவிட்டவர் யார் என்பதே. உழைத்தவள் தானே கைவிட்டால் அது கொடை. அவளுக்காகப் பிறர் கைவிட்டால், அதற்கு எத்தனை இனிய பெயரிட்டாலும், அது பறிப்பே. என் உழைப்பை உனக்குக் கணக்கின்றி நான் தரலாம். உன் உழைப்பை உன்னிடமிருந்து கணக்கின்றி நான் வாங்கலாகாது. வள்ளுவர் காட்டிய கை தானே விரைந்தது. எவரும் அதைப் பிடித்து இழுக்கவில்லை.

பிறந்த மண்ணை விட்டு வந்த நமக்கு இந்நெறி பெரிதும் வேண்டப்படுவது. இங்கே ஒருவரையொருவர் விட்டால் நமக்கு வேறு துணை குறைவு. அதனாலேயே ‘நம்மவர்தானே’ என்று ஒருவர் உழைப்பை ஒருவர் எளிதாக எடுத்துக்கொள்ளும் பழக்கமும் நம்மிடம் மிகுதி. விழாவுக்குக் கோலமிடுபவரும், கொலுவுக்குப் பொம்மை செய்பவரும், நாடகத்துக்கு உடை தைப்பவரும் நம்மிடையே உண்டு. அவர்களிடம் ‘நமக்குள் என்ன கணக்கு’ என்று சொல்லுமுன், அச்சொல்லைச் சொல்லும் உரிமை யாருடையது என்று எண்ணிப் பார்ப்போம். அது செய்தவர் சொல்ல வேண்டிய சொல். பெறுபவர் சொல்ல வேண்டியது, ‘இதற்கு என்ன ஆயிற்று?’ என்பதே. அதைக் கேட்டபின் அவர் சிரித்துக்கொண்டு, ‘ஒன்றும் வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள்’ என்றால், அப்போது நாம் பெறுவது கூடை மட்டுமன்று.