முதுகு நோயும் மஷூராவும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம். புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் நாயகம் முஹம்மது முஸ்தபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய கிளையார், தோழர்கள் மீதும் உண்டாவதாக.

 

நம் முன்னோர் இந்தப் பினாங்குத் தீவில் தோளையும் முதுகையும் கொண்டே பிழைத்தார்கள். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களும், கண்டார் தடியைத் தோளில் வைத்துத் தெருத்தெருவாகச் சோறு விற்றவர்களும் அவர்களில் உண்டு. இன்று நாம் கல்லாவில் உட்கார்ந்தாலும், அரிசி மூட்டையை நகர்த்துவதும் ஜவுளிக் கட்டைத் தூக்குவதும் நம்மை விட்டுப் போகவில்லை. ஆகவே முதுகு வலி நம் கடைகளுக்கு அந்நியமான சங்கதியல்ல.

அந்த வலி முற்றிக் காலில் இறங்கி, ஆபரேஷன் என்று டாக்டர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், நம்மில் இரண்டு சாராரைக் காண்கிறோம். ஒரு சாரார், எல்லாம் நஸீபு, யார் அறுத்தால் என்ன என்று, மச்சான் சொன்ன டாக்டரிடம் மறு பேச்சின்றிக் கையெழுத்துப் போட்டு விடுகிறார்கள். மற்றவர்களோ கத்திக்கு அஞ்சி, உருவுகிறவரிடமும் சின்சேயிடமும் மாதக்கணக்காய் அலைகிறார்கள். இரு சாராரும் தாம் செய்வதற்குத் தவக்குல் என்று பெயர் வைக்கிறார்கள். இது தவக்குல்தானா?

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் ஒரு சம்பவம் வருகிறது. நாயகம் (ஸல்) அவர்களின் காலத்தில் ஒருவர் காயப்பட்டு, காயத்தில் இரத்தம் கட்டிக்கொண்டது. பனூ அன்மார் கூட்டத்தார் இருவர் அழைக்கப்பட்டு வந்தார்கள. அவ்விருவரிடமும் நாயகம் அவர்கள் முதலில் விசாரித்தது, வைத்தியத்தில் உங்களில் மேலானவர் யார் என்பதே. நோயை இறக்கியவனே மருந்தையும் இறக்கினான் என்றும் அவ்விடத்திலேயே போதித்தார்கள். சிந்தியுங்கள்! ஷிபா அல்லாஹ்விடமிருந்து என்று நமக்குக் கற்றுக்கொடுத்த அதே நாயகம்தான், கைதேர்ந்தவர் யார் என்றும் கேட்டார்கள். ஒன்று மற்றொன்றுக்கு விரோதமாக இருக்கவில்லை.

கத்திக்கு அஞ்சுகிறவர்களுக்கும் படிப்பினை இருக்கிறது. உபை இப்னு கஅப் (ரலி) அவர்களிடம் நாயகம் அவர்கள் ஒரு வைத்தியரை அனுப்ப, அவர் நரம்பை அறுத்துச் சூடிட்டார் என்று ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். வைத்தியம் அறியாமல் வைத்தியம் செய்கிறவன் அதன் கேட்டுக்குப் பொறுப்பாளி என்று அபூதாவூதில் வந்திருக்கிறது. கொர்தோவாவில் வாழ்ந்து 1013-ல் மறைந்த ரணவைத்திய மேதை அஸ்ஸஹ்ராவியும், உடலின் அமைப்பைக் கல்லாதவன் கத்தி எடுத்தால் உயிரைக் கொல்வான் என்று கண்டித்து எழுதினார்.

இனி, விசாரிப்பது எப்படி?

முதலாவது, அவசரம் எது, பொறுக்கக் கூடியது எது என்று பிரித்தறிய வேண்டும். முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதால் காலில் இறங்கும் வலி, பெரும்பாலோருக்குக் கத்தியில்லாமலே 6 முதல் 12 வாரங்களில் தணிந்து விடுகிறது. ஆனால் சிறுநீர் இறங்காமல் அடைத்தாலோ, தன்னை அறியாமல் மலமோ சிறுநீரோ போனாலோ, உட்காரும் பாகம் மரத்தாலோ, காலின் பலம் நாளுக்கு நாள் குறைந்தாலோ, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். அங்கே கடை அடைக்கும் நேரம் வரை காத்திருப்பதும் தவறு.

இரண்டாவது, டாக்டரின் தகுதி. 2017 ஜூலை முதல் மலேசியாவில் நிபுணராகத் தொழில் செய்கிற டாக்டர் எவரும் நிபுணர் பதிவேட்டில் பதிந்திருக்க வேண்டும் என்பது சட்டம். பெயர் அதில் இருக்கிறதா என்று எவரும் பார்க்கலாம். எலும்பு நிபுணர்களிலும், மூளை நரம்பு நிபுணர்களிலும் முதுகெலும்பில் கைதேர்ந்தவர்கள் உண்டு. இந்த ஆபரேஷனையே வழக்கமாகச் செய்கிறவரா என்பதே கேள்வி.

மூன்றாவது, அவரிடமே கேட்க வேண்டியவை. எம்.ஆர்.ஐ. படத்தில் காண்பதும் என் வலியும் ஒத்துப் போகின்றனவா? அறுக்காமல் விட்டால் என்ன ஆகும்? இதை வருஷத்துக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள்? எவருக்குக் கேடு நேர்ந்தது? கத்தி பிடிப்பது நீங்கள்தானா? மொத்தச் செலவு எவ்வளவு? நரம்பு அழுத்தத்தால் வரும் கால் வலிக்கு ஆபரேஷன் நன்கு பலிக்கிறது. முதுகு வலி மட்டும் உள்ளவருக்கு அவ்வளவு பலிப்பதில்லை. இதை மறைக்காமல் சொல்லுகிற டாக்டர் அமானிதம் உள்ளவர். கேள்வி கேட்டதற்கே கோபிக்கிறவரிடம் முதுகைக் கொடுக்க வேண்டாம். நம் பங்குக்கு, நீரிழிவையும் புகைப் பழக்கத்தையும் அவரிடம் மறைக்கலாகாது. இரண்டும் புண் ஆறுவதைக் கெடுக்கும்.

நான்காவது, அவசரமில்லாதபோது இரண்டாவது நிபுணரிடமும் காட்டுவது. நமதூரில் ரெசிடென்சி சாலையில் அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. 1924-ல் தோன்றிய அட்வென்டிஸ்ட் ஆஸ்பத்திரி போன்ற தனியார் ஆஸ்பத்திரிகளும் இருக்கின்றன. சுமத்ராவிலிருந்து கடல் கடந்து இங்கே வைத்தியத்துக்கு வருகிறார்கள். வாசலிலேயே இருக்கும் நாம் இன்னொரு வாசலைத் தட்டச் சோம்பலாமா? ஐந்நூறு வெள்ளிச் சரக்குக்கு மூன்று கடை விலை விசாரிக்கிறவர்கள் அல்லவா நாம்!

இவ்வளவும் மஷூரா. இதன் பின் இஸ்திகாரா தொழுது, மனம் சாய்ந்த பக்கம் துணிந்து, முடிவை அல்லாஹ்விடம் ஒப்படைப்பதே தவக்குல். விசாரணை இல்லாத ஒப்படைப்புக்கு அசட்டை என்று பெயர்.

சங்கத்துச் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. கடையைப் பார்க்க ஆளில்லையே என்ற கவலையால்தான் பலர் வலியை மறைக்கிறார்கள். நிற்க முடியாதவர் உட்கார்ந்து தொழலாம், அதுவும் இயலாவிட்டால் படுத்துத் தொழலாம் என்று மார்க்கமே சலுகை தந்திருக்க, நாம் நம் சகோதரருக்கு ஒரு மாதம் கடையைத் திறந்து கொடுக்கக் கூடாதா? நோயாளியை விசாரிக்கப் போகும்போது பழத்தோடு திரும்பி விடாமல், கல்லாச் சாவியையும் கேட்டு வாங்கிக்கொள்வோம்.

யா அல்லாஹ்! எங்கள் நோயாளிகளுக்கு முழு ஷிபாவைத் தருவாயாக. நல்ல கைகளை எங்களுக்குக் காட்டித் தருவாயாக. அக்கைகளில் பரக்கத்துச் செய்வாயாக. ஆமீன்.