அறையில் இல்லாதவரின் சாட்சி

கம்ப்யூட்டர் ஜாதகத்தை இப்போது யாரும் வியந்து பார்ப்பதில்லை. பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் தட்டினால் பிரிண்டர் பக்கம் பக்கமாகக் கக்கிவிடும். மலேசியாவில் ரவாங்குக்கும் செரண்டாவுக்கும் நடுவே, பெரோடுவா கார் தொழிற்சாலை இருக்கும் சுங்கை சோவிலும் அந்தத் தாள் பல வீட்டு அலமாரிகளில் இருக்கக்கூடும். அதே அலமாரிக்கு இன்னொரு தாளும் வந்து சேரலாம்: பிள்ளையின் உளவியல் மதிப்பீட்டு அறிக்கை. கற்றலில் தடுமாறும் பிள்ளைக்கு ஓ.கே.யூ. (மாற்றுத்திறனாளி) அட்டை எடுக்க மருத்துவர் சான்று வேண்டும். பல சமயம் அதற்கு அடிப்படையாக இந்த அறிக்கையும் தேவைப்படும். மதிப்பெண்களை உள்ளிட்டால் போதும், முழு அறிக்கையையும் எழுதித் தரும் மென்பொருள்கள் இன்று விற்பனையில் இருக்கின்றன.

இது நேற்று முளைத்த சங்கதி அல்ல. 1960களின் தொடக்கத்திலேயே அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், 550 வாக்கியங்களுக்கு நோயாளிகள் 'சரி', 'தவறு' என்று குறித்த அட்டைகளைக் கணினி படித்து, அவர்களுடைய குணத்தைப் பற்றி வரிவரியாக அச்சிட்டது. அதற்கும் முன்பு, 1954இல், பால் மீல் என்ற உளவியலாளர் ஒரு புத்தகம் எழுதித் தம் சகாக்களைச் சீண்டியிருந்தார். மதிப்பெண்களைக் கூட்டிக் கழித்து முடிவு சொல்வதில் அனுபவசாலியின் ஊகத்தைவிட வெறும் சூத்திரம் சளைத்ததல்ல, பல இடங்களில் அதுவே மேல் என்றார். அந்த வாதம் இன்றும் வலுவாகவே நிற்கிறது.

ஆனால் அறிக்கை என்பது கணக்கு மட்டுமா?

சைவ சித்தாந்தம் இங்கே கைகொடுக்கிறது. அருணந்தி சிவாச்சாரியாரின் சிவஞான சித்தியார், 13ஆம் நூற்றாண்டு நூல், சித்தாந்தத்தை விரிக்கும் முன் அளவையைப் பேசுகிறது. ஒன்றை அறிந்தோம் என்று எதை வைத்துச் சொல்கிறோம்? காட்சி, கருதல், உரை என்பவை அதில் முக்கியமான மூன்று வழிகள். உளவியல் அறிக்கையில் இந்த மூன்றும் உண்டு. பிள்ளை எப்படி உட்கார்ந்தான், எந்தக் கேள்விக்குத் தலை குனிந்தான் என்பது காட்சி. மதிப்பெண்ணிலிருந்து முடிவுக்குப் போவது கருதல். பெற்றோர் கையில் வரும்போது முழுத்தாளும் உரை.

மீல் சொன்னது கருதலுக்குப் பொருந்தும். அங்கே மென்பொருள் தாராளமாக உழைக்கட்டும். வம்பு காட்சியில்தான் தொடங்குகிறது. 'சோதனை முழுவதும் கவனமாக ஒத்துழைத்தார்' என்ற வரியை மென்பொருள் நொடியில் எழுதிவிடும். பிள்ளை பசியோடு வந்தானா, வீட்டில் தமிழ் பேசுகிறவனிடம் கேள்வி மலாயில் கேட்கப்பட்டதா என்பது யாரும் சொல்லாமல் அதற்குத் தெரியாது. மொழி சின்ன விஷயமல்ல. கலிபோர்னியாவில் ஸ்பானிய மொழி பேசும் ஒன்பது பிள்ளைகளை ஆங்கிலச் சோதனையை வைத்து மூளை வளர்ச்சி குன்றியவர்களுக்கான வகுப்பில் போட்டிருந்தார்கள். 1970இல் முடிந்த டயானா வழக்கில் அவர்களை இருமொழி தெரிந்தவர் மறுபடி சோதித்தார்; பெரும்பாலோர் அந்த வகுப்பில் இருக்கவேண்டியவர்களே அல்ல.

அறிக்கையைப் படித்த தாய் 'என் பிள்ளை அப்படியே இதில் இருக்கிறான்' என்று தலையாட்டினால் போதாதா? போதாது. 1948இல் பெர்ட்ராம் ஃபோரர் 39 மாணவர்களுக்கு ஆளுமைச் சோதனை வைத்து, எல்லோருக்கும் ஒரே அறிக்கையைத் தனித்தனியாக எழுதியதுபோல் கொடுத்தார். பொருத்தத்துக்கு அவர்கள் தந்த சராசரி மதிப்பெண் ஐந்துக்கு 4.26. அந்த வரிகளைப் பெரும்பாலும் அவர் ஒரு ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார்!

மிஞ்சுவது உரை. யார் சொன்னால் நம்பலாம்? நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர், பொருளை நேரில் அறிந்தவர், அறிந்தபடியே சொல்ல விரும்புகிறவர் ஆப்தர் என்கிறார். முனிவருக்கும் மிலேச்சருக்கும் இலக்கணம் ஒன்றே என்றும் சேர்த்துச் சொல்கிறார். அத்தனை தாராளமான வாசலிலும் மென்பொருள் நுழைய முடியவில்லை. அது லஞ்சம் வாங்காது, ஓரவஞ்சனையாகப் பொய்யும் சொல்லாது, உண்மைதான். ஆனால் நேரில் அறிந்ததென்று அதனிடம் எதுவும் இல்லை.

மலேசியாவின் 2016ஆம் ஆண்டு துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின் கீழ் மருத்துவ உளவியலாளர் பதிவு பெற்றிருக்க வேண்டும். கடமையில் தவறினால் தொழில் மன்றம் அவரைக் கூப்பிட்டு விசாரிக்கலாம். ஆகவே சுங்கை சோவில் ஒரு தாய் அறிக்கையை வாங்கும்போது, நடத்தையைப் பற்றிய பத்தியைக் காட்டி, "டாக்டர், இது நீங்க பார்த்து எழுதினதா?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.