அடைக்கோழியின் குற்றம்

மதுரைக்குத் தெற்கே, அவனியாபுரம் பக்கத்துக் கொல்லைகளில் அடைக்கோழிக்கு இரண்டு விதமான உபசாரம் உண்டு. குஞ்சு வேண்டுமென்றால் கூடையில் வைக்கோல் பரப்பி முட்டை வைப்பார்கள். 21 நாளைக்கு அது மகாலட்சுமி. முட்டைதான் வேண்டும் என்றாலோ, அடை கிடக்கிற கோழி முட்டையிடாதே! அதைத் தண்ணீரில் முக்கியெடுத்து, மூக்கில் இறகைச் செருகி, அடை தெளிய வைப்பார்கள். கோழியின் குணம் ஒன்றுதான். மாறுவது நம் கணக்கு.

வெள்ளை லெகார்ன் கோழியிடம் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை. அடை கிடக்கும் ஆசையையே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கிக் கழித்துவிட்டார்கள். யாரும் அதைத் தண்ணீரில் முக்க வேண்டியதில்லை. கருணைதான் என்று சொல்லலாம். எனக்கென்னவோ, முக்குகிற கிழவியாவது கோழிக்கு ஓர் ஆசை உண்டென்று ஒப்புக்கொள்கிறாள் என்று தோன்றுகிறது. மறுநாளே அது வெறுந்தரையில் போய் உட்கார்ந்து, கிட்டே போனால் சிலிர்த்துக்கொண்டு கொத்த வருகிறதே!