லீவு முடிஞ்சு வேலைக்குத் திரும்பும்போது மனசுல எதைச் சுமக்கணும்?

ஓம் சரவணபவ!



ஆறு மாச பிரசவ லீவு முடிஞ்சு எங்க அக்கா போன வாரம் வேலைக்குத் திரும்பினாங்க. திருப்பூர்ல ஒரு பின்னலாடை கம்பெனியில கணக்குப் பிரிவு. காலையில குழந்தையை அம்மா கையில கொடுத்துட்டுச் செருப்பை மாட்டும்போதே அழுதுட்டாங்க. சாயங்காலம் வந்ததும் மறுபடியும் அழுகை. இந்தத் தடவை காரணம் வேற.

அக்கா இல்லாத ஆறு மாசமும் அவங்க வேலையையும் சேர்த்துப் பார்த்தது கூட வேலை செய்யற ஒரு தம்பி. மாசா மாசம் 20-ம் தேதிக்குள்ள ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடணும். அந்த நாட்கள்ல ராத்திரி பத்து மணி வரைக்கும் அவர் ஆபீஸ்லயே உட்கார்ந்திருக்கார்னு அன்னைக்குத்தான் அக்காவுக்குத் தெரிஞ்சுது.

"வீட்டுல இருந்தா ஆபீஸுக்குத் துரோகம். ஆபீஸ் போனா குழந்தைக்குத் துரோகம். எங்க இருந்தாலும் நான் தப்புதானாடா?"ன்னு கேட்டாங்க.

எனக்குத் தெரிஞ்ச பதிலைச் சொன்னேன். "இது சட்டம் கொடுத்த உரிமைக்கா. 2017-ல சட்டத்தைத் திருத்தினதுல இருந்தே முதல் ரெண்டு குழந்தைக்கும் சம்பளத்தோட 26 வாரம் லீவு உண்டு. தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 2021-ல இருந்து 12 மாசமே கொடுக்கறாங்க. நீ யார்கிட்டயும் பிச்சை கேக்கலை."

அக்கா கண்ணைத் துடைச்சுக்கிட்டே திருப்பிக் கேட்டாங்க: "உரிமை சரிடா. அந்தத் தம்பி பத்து மணி வரைக்கும் உட்கார்ந்ததுக்கு நான் என்ன சொல்றது?"

எனக்குப் பதில் வரலை. நியாயமான கேள்விதானே? நமக்கு உரிமையான ஒண்ணை நாம எடுத்துக்கறோம். அதனால இன்னொருத்தர் தோள்ல பாரம் ஏறுது. நாம தப்பு செய்யலை. ஆனா நமக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லைன்னும் சொல்ல முடியலை.

ரெண்டு நாள் கழிச்சு கிருத்திகை. விளக்கு ஏத்தும்போது ஒண்ணு தோணுச்சு. இந்த விரதமே எதுக்காக?

கதை நம்ம எல்லாருக்கும் தெரியும். சிவபெருமானோட நெற்றிக்கண்ணுல இருந்து வந்த ஆறு பொறிகள் சரவணப் பொய்கையில ஆறு குழந்தைகளாச்சு. பாலூட்டி வளர்த்தது கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர். அப்புறம் பார்வதி அம்மை வந்து ஆறு பிள்ளைகளையும் சேர்த்து அணைக்க, ஆறுமுகம் கொண்ட கந்தன் ஆனார்.

இதுல யாரும் அம்மையைப் பார்த்து "பிள்ளையை விட்டுட்டு எங்க போயிருந்தே?"ன்னு கேக்கலை. வளர்த்தவங்களையும் "வேலை முடிஞ்சுது, கிளம்புங்க"ன்னு அனுப்பிடலை. அவங்க வானத்துல நட்சத்திரம் ஆனாங்க. நம்ம அப்பனுக்கே கார்த்திகேயன்னு அவங்க பேரால ஒரு பேர் வந்துது. மாசா மாசம் கிருத்திகைக்கு நாம விரதம் இருக்கறோம். சுமந்தவங்களுக்குச் செய்ய வேண்டிய மரியாதை இதுதான்னு எனக்குப் பட்டுது. அவங்க பேர் மறக்கக் கூடாது.

இதை அக்காகிட்ட சொன்னேன். குத்த உணர்ச்சி வேற, நன்றிக்கடன் வேற. குத்த உணர்ச்சி வந்தா நாம நம்மளையே நினைச்சு நொந்துக்கிட்டு இருப்போம். அந்தத் தம்பி எதிர்ல வந்தாக்கூட முகம் பார்க்கக் கூசும். அதனால அவருக்கு என்ன பிரயோஜனம்? நன்றிக்கடன்னு நினைச்சா நாமளே அவரைத் தேடிப் போவோம். என்ன செஞ்சாரு, எங்க கஷ்டப்பட்டாருன்னு கேப்போம்.

இன்னொண்ணும் இருக்கு. ஆறு மாசத்துக்கு வேற ஆள் போடாம ஒருத்தர் தலையிலயே ரெண்டு வேலையைக் கட்டினது நிர்வாகம். அந்தப் பழியை அக்கா தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை. ஆனா அதைக் காரணம் காட்டி, தம்பிக்கு ஒரு நன்றி கூட சொல்லாம இருக்கறதும் நியாயம் இல்லை.

"நான் பத்து வருஷ சீனியர்டா. இப்போ அவன்கிட்ட போய் எல்லாத்தையும் புதுசா கத்துக்கணுமா?"ன்னு அக்கா கொஞ்சம் தயங்கினாங்க. சுவாமிமலையை நினைச்சுக்கோன்னு சொன்னேன். பிரணவத்தோட பொருளைக் கேக்க அப்பனே பிள்ளை முன்னாடி சீடனா நின்னார். அதனால சிவபெருமானோட பெருமை குறைஞ்சுதா என்ன?

மறுநாள் அக்கா, மேனேஜர் இருக்கும்போதே அந்தத் தம்பி பேரைச் சொல்லி நன்றி சொல்லியிருக்காங்க. பக்கத்துல நாற்காலியைப் போட்டுக்கிட்டு ஆறு மாசக் கணக்கையும் அவர்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டாங்க. பேச்சுவாக்குல அவர் தயங்கித் தயங்கிச் சொன்னாராம், தை மாசம் கல்யாணம், லீவு கேக்கவே பயமா இருக்குன்னு. "தாராளமா போ தம்பி, உன் வேலையை நான் பார்த்துக்கறேன்"னு அக்கா சொல்லிட்டு வந்திருக்காங்க.

காலையில வாசல்ல வர்ற அழுகை மட்டும் இன்னும் நிக்கலை. நிக்கணும்னும் இல்லை. அது பாசம். அந்த நேரத்துல குழந்தையை வாங்கிக்கற எங்க அம்மாவும் ஒரு கார்த்திகைப் பெண்தான்னு இப்போ அக்காவுக்குப் புரியுது. தினமும் கிளம்பும்போது "வர்றேம்மா"ன்னு அம்மா கையை ஒரு தடவை பிடிச்சுட்டுத்தான் போறாங்க.

உடம்பு சரியில்லாம, அப்பா அம்மாவை ஆஸ்பத்திரியில வச்சுப் பார்த்துக்க, மனசு சோர்ந்துன்னு நீண்ட லீவுல இருக்கறவங்க நம்மள்ல நிறைய பேர் இருப்பீங்க. திரும்பிப் போற அன்னைக்குத் தலை குனிஞ்சு போகாதீங்க. உங்க பாரத்தை யார் சுமந்தாங்கன்னு விசாரிங்க. அவங்க பேரைச் சொல்லி நன்றி சொல்லுங்க. அவங்க முறை வரும்போது நீங்க தோள் கொடுங்க.

மத்ததை வேலவன் பார்த்துப்பான்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா! 🙏🦚