பிஸ்டன் பேனாவும் அஷ்டபந்தனமும்

தேய்ந்த உறுப்புகளை மாற்றிய பின்னும் ஒரு பொருள் பழைய பொருளாகவே நிற்குமா என்னும் வினாவுக்கு, இந்தியத் தத்துவ மரபினரான நியாய வைசேடிகர் கண்டிப்பான விடை தருகின்றனர். அவயவங்கள் எனப்படும் உறுப்புகளினின்றும் வேறாய், அவற்றில் தங்கியிருக்கும் முழுமையே அவயவி. ஓர் உறுப்பு நீங்கினும் பழைய அவயவி அழிந்து புதியது தோன்றும் என்பது அவர் துணிபு. பின்முனைத் திருகைச் சுழற்றினால் உள்ளிருக்கும் அடைப்பு நகர்ந்து மையை நேரே உறிஞ்சும் பிஸ்டன் பேனாவை, 1929இல் பெலிக்கான் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த அவ்வகையை, இக்கொள்கையால் அளந்தால், அடைப்பை மாற்றிய அன்றே தந்தையின் பேனா மகனுக்கு இல்லாமற்போகும். இதை எவரும் ஏற்பதில்லை.

ஏற்காமைக்கான காரணம் ஆகம வழக்கில் உள்ளது. இராமேஸ்வரத்தில் சீதை மணலால் பிடித்ததாகத் தலபுராணம் கூறும் இராமலிங்கத்தை வணங்குவோர், அதன் பெருமையை மணலில் தேடுவதில்லை. ஆலயங்களில் மூர்த்தியைப் பீடத்தோடு பிணைக்கும் அஷ்டபந்தனம் என்பது கொம்பரக்கு, சுக்கான்தூள், குங்கிலியம், காவிக்கல், செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் ஆகிய எட்டையும் இடித்துச் சேர்த்த சாந்து. அது நாளடைவில் தளரும் என்பதை அறிந்தே 12 ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்கும் வழக்கமும், திருப்பணி முடியும்வரை தெய்வ ஆற்றலைப் பாலாலயம் என்னும் தற்காலிக இடத்தில் எழுந்தருளச் செய்யும் முறையும் ஏற்பட்டன. புதுப்பித்தலையே நிலைபேற்றுக்கு வழியாகக் கண்ட இந்நோக்கு, அவயவிக் கொள்கையினும் ஆழமானது.

பேனாவுக்கு, மந்திரத்தால் தெய்வ ஆற்றலை எழுந்தருளச் செய்யும் ஆவாகனம் இல்லை. அதன் தொடர்ச்சி எழுதும் கையில் உள்ளது. ஆகவே அடைப்பை மாற்றுவது சிறு செயல், ஆனால் ஒருவர் கைச்சாய்வுக்கேற்பத் தேய்ந்த நிப்பை இழப்பது மெய்யான இழப்பு. உப்புக்காற்று வீசும் இராமேஸ்வரத் தீவில் எஃகு நிப்பும் அரிக்கப்படும். உவர்நீரில் கழுவினால், நிப்புக்கு அடியில் மையைக் கடத்தும் கட்டையின் நுண்பள்ளங்களில் உப்புப் படியும். எனவே காய்ச்சி வடித்த நீரை, அது தெளிந்து வரும்வரை, உறிஞ்சி உறிஞ்சி வெளியேற்ற வேண்டும். நிப்புப் பகுதி திருகில் கழலும் அமைப்பாயின் மட்டும் அதைக் கழற்றி, குழலின் உட்சுவரில் சிலிக்கோன் கிரீஸைத் துளியளவு தடவி, பிஸ்டனை மேலும் கீழும் ஓட்ட வேண்டும். வெந்நீர் கூடாது.

சரஸ்வதி பூசையன்று எழுதாமல் கலைமகள் முன் வைத்து, விஜயதசமியன்று மீண்டும் கையிலெடுக்கும் பேனாவுக்கு, இந்தக் கழுவலே பூசையின் முதற்பகுதி. காய்ந்த மையின்மேல் சந்தனம் இடுவது முறையாகாது. பேனா வைத்திருப்போர் முந்தைய நாளே அதைக் கழுவி உலர்த்தி வைக்க வேண்டும்.